மைனஸ் மூணு நாள்: ஸ்டாண்டப் டிவி கட்டிய கதை

எங்கள் ஆபீஸ் சென்னை தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பெயின்ட் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மொத்தம் எட்டுப் பேர். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கிளியரிங் ஏஜென்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்த கன்டெய்னர் எந்த யார்டில் நிற்கிறது, எந்த பில்லுக்கு எந்தக் காகிதம் பாக்கி, லாரி எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்கிற மாதிரி சமாசாரம். தினமும் காலை 10 மணிக்கு ஸ்டாண்டப், அதாவது அவரவர் வேலை எங்கே நிற்கிறது என்று நின்றபடியே சொல்லும் சின்னக் கூட்டம். பெயர்தான் ஸ்டாண்டப். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். அரை மணி ஆனால் ஒருத்தர் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பார்.

யாராவது ஒருவர் லேப்டாப்பை டிவியில் மாட்டுவார், ட்ரெல்லோ பலகை திறக்கும். ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக, பத்தி பத்தியாக அடுக்கிக் காட்டும் இணையச் செயலி அது. ஆறு பத்தி, 63 கார்டு. 32 அங்குல டிவியில் எட்டடி தள்ளி நின்று பார்த்தால் எறும்பு வரிசை மாதிரிதான் தெரியும். அதனால் யாரும் பார்க்க மாட்டோம். ஒவ்வொருவராக "நேத்து அந்த இன்வாய்ஸ் வேலை, இன்னிக்கும் அதேதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்போம். எந்த இன்வாய்ஸ், பலகையில் அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு கார்டு டெஸ்டிங் பத்தியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. தினமும் அதற்கு எதிரில்தான் நின்றோம். கஸ்டமர் போன் செய்து "என்னா சார், மறந்தே பூட்டீங்களா" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது எங்கள் சீனியர் அண்ணன் ஒன்று சொன்னார். வியாசர்பாடிக்காரர், கேரம் ஆடும்போது தவிர மற்ற நேரம் அதிகம் பேச மாட்டார். "ஆளை வரிசையா கேக்கறதாலதான்டா பிரச்சனை. ஆள் ஏதோ ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுவான். கார்டை வரிசையா கேளு."

இது அவர் கண்டுபிடித்தது இல்லை. வேலையைப் பலகையில் வைத்து நகர்த்தும் கான்பான் முறையில் வேலை பார்ப்பவர்கள் பலகையை வலது கோடியில் தொடங்கி இடது பக்கமாக நடந்து போவார்கள். முடியப்போகிற வேலையை முதலில் தள்ளிவிட்டால்தான் புது வேலைக்கு இடம் வரும் என்பது கணக்கு. ஸ்க்ரம் என்ற இன்னொரு வேலை முறையின் கையேடும் 2020 பதிப்பில் "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்ற மூன்று கேள்விகளைத் தூக்கிவிட்டது. நாங்கள்தான் இன்னும் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேண்டியது இதுதான்: டிவியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்டு. எட்டடியில் படிக்கிற அளவு எழுத்து. அந்தப் பத்தியில் அது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற எண். ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த கார்டு. யாரும் லேப்டாப் மாட்டக் கூடாது, யாரும் லாகின் செய்யக் கூடாது.

ட்ரெல்லோவிலேயே கார்டு பழசாகப் பழசாக மங்க வைக்கும் பவர்-அப் (கூடுதல் வசதி) ஒன்று இருக்கிறது. முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். ஆனால் அது கடைசியாக யாராவது கார்டைத் தொட்ட நாளை வைத்து எண்ணுகிறது. பத்து நாளாக ஒரே இடத்தில் கிடக்கும் கார்டில் ஒருத்தர் "ஓகே" என்று கமென்ட் போட்டால் போதும், கார்டு மறுபடி இளமையாகிவிடும். எங்கள் ஆபீஸில் "ஓகே" போடுவதற்குப் பஞ்சமே இல்லை. எனவே நானே எழுதுவது என்று முடிவானது. "ஒரு நாள் வேலை" என்று வாய்விட்டேன். சீனியர் அண்ணன் "ஒரு மாசம்" என்றார். பந்தயம், எட்டுப் பேருக்கும் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்). தோற்றது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாமான்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தவைதான். மேசை இழுப்பறையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று (இனி சுருக்கமாக "பை") தூங்கிக்கொண்டிருந்தது, டிவி ஏற்கெனவே சுவரில் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்று மட்டும். கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்குமே, அந்த எண் பொத்தான்கள் மட்டும் தனியாக வரும். என்டர் தட்டினால் அடுத்த கார்டு, பூஜ்யம் தட்டினால் முந்தைய கார்டு, பிளஸ் தட்டினால் "இதைத் தனியா பேசணும்" என்று அடையாளம். வேறு பொத்தான் எதற்கும் வேலை கிடையாது.

பையை டிவியின் பின்னால் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினேன். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்தால் ஒரு ஒயர் மிச்சம் என்று நினைத்தது என் முதல் தப்பு. திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனது, நடுநடுவே பை தானாக அணைந்து எழுந்தது. அந்த மாதிரி துளை சாதாரணமாகத் தருவது அரை ஆம்பியர். பை 4 கேட்பதோ 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர். அதற்கான அடாப்டரையே போட்டதும் மின்னல் நின்றது.

9.55க்கு டிவியைத் தானாக எழுப்பவும் 10.30க்கு அணைக்கவும் எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும். அதற்குள் சி.இ.சி. என்று ஒரு வழி இருக்கிறது, பையிலிருந்து ஒற்றை வரிக் கட்டளை அனுப்பினால் டிவி விழித்துக்கொள்ளும். டிவியின் மெனுவில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மெனுவில் சி.இ.சி. என்ற பெயரே கிடையாது, கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. கட்டளையை எழுத ஆனது ஐந்து நிமிஷம்.

அடுத்து, ட்ரெல்லோவிலிருந்து விவரம் எடுப்பது. முதல் பதிப்பில் டிவியில் ஓடும் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, ட்ரெல்லோவைத் திறக்கும் ரகசியச் சாவியான டோக்கனையும் அதிலேயே வைத்திருந்தேன். ஆபீஸ் வைஃபையில் இருக்கும் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து டோக்கனை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். அன்றே அதைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள டோக்கனாக மாற்றி, பைக்குள் ஓடும், பைதான் மொழியில் எழுதிய நிரலுக்குக் கொண்டுபோனேன். டிவியில் ஓடும் பக்கம் இப்போது பையிடம் மட்டும்தான் பேசும்.

இரண்டாவது முட்டாள்தனம், 63 கார்டுக்கும் தனித்தனியாக 63 கோரிக்கை அனுப்பியது. ட்ரெல்லோ ஒரு டோக்கனுக்கு 10 விநாடியில் 100 கோரிக்கைதான் ஏற்கும். ஒருமுறை ஓடினால் பிரச்சனை இல்லை. டிவிக்கு முன்னால் நிற்கிற தம்பி பொறுமை இழந்து ரெஃப்ரெஷை இரண்டு தரம் தட்டினால் 126. உடனே 429, அதாவது கோரிக்கை அதிகம் என்று பதில் வரும், திரை காலி. பலகை முழுவதையும் ஒரே கோரிக்கையில் கேட்க வழி இருக்கும்போது நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை.

உண்மையான வேலை நாள் கணக்கில்தான் இருந்தது. "இந்தப் பத்திக்கு இந்தக் கார்டு என்றைக்கு வந்தது" என்று ட்ரெல்லோ நேரடியாகச் சொல்லாது. ஆனால் பலகையில் நடந்த ஒவ்வொரு நிகழ்வையும் எழுதி வைத்திருக்கும். அதில் கார்டு பத்தி மாறிய நிகழ்வுகளை மட்டும் வடிகட்டிக் கேட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் கடைசி நிகழ்வைப் பிடித்தால் வந்த நாள் கிடைத்துவிடும். செய்தேன். புதுக் கார்டுகளுக்குச் சரியாக வந்தது. பழைய கார்டுகளில் பாதிக்கு நகர்ந்த நிகழ்வே இல்லை என்றது. அவை நகர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் என் நிரலைத் திட்டிய பிறகு, வந்த நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தேன். மிகச் சரியாக 50. எண் இப்படி வழவழவென்று வந்தாலே எங்கோ வரம்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ட்ரெல்லோ 50தான் தரும், கேட்டால் 1000 வரை தரும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் "இந்த நிகழ்வுக்கு முன்னால் உள்ளவை" என்று மறுபடி கேட்க வேண்டும்.

பிறந்த பத்தியை விட்டு ஒருமுறைகூட நகராத கார்டுகளும் இருந்தன. அவற்றுக்குப் பிறந்த நாள்தான் வேண்டும். இங்கே ஒரு அழகான விஷயம் கிடைத்தது. ட்ரெல்லோ கார்டின் அடையாள எண்ணிலேயே அது பிறந்த நேரம் ஒளிந்திருக்கிறது. அந்த 24 எழுத்தில் முதல் எட்டை எடுத்து, 16 அடிமான எண்ணாகப் படித்தால், 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள் வரும். உதாரணத்துக்கு, 66100420 என்று தொடங்கும் அடையாளம். சாதாரண எண்ணாக மாற்றினால் 1712325664. நம் நேரப்படி அது 2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை இரவு 7.31. இது தெரிந்த அன்று வேலையை விட்டுவிட்டு எல்லாப் பழைய கார்டுகளின் ஜாதகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பலகையின் மோசமான கார்டுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி பிறந்தவை.

ட்ரெல்லோ தரும் நேரம் எல்லாம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். கப்பலுக்கான கட்-ஆஃப் (கடைசி நேரக் கெடு) இருக்கிற நாட்களில் எங்கள் தம்பி விடிகாலை 4 மணிக்கும் கார்டு நகர்த்துவான். யூ.டி.சி.யில் அது முந்தின நாள். தேதியை மட்டும் கழித்தால் ஒரு நாள் கூடிவிடும். இதை ஆரம்பத்திலேயே யோசித்து இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கழித்தேன். நேர விஷயத்தில் நான் ஜாக்கிரதையான ஆள் என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது. மேலே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு சண்டையும் நடந்தது. "நாம வேலை செய்யாத நாளை ஏன் எண்ணணும்" என்றான் தம்பி. "கப்பலுக்கு ஞாயித்துக்கெழம லீவாப்பா?" என்று கேட்டார் டெஸ்டிங் பார்க்கும் அக்கா. அவர் வீடு காசிமேட்டில், அப்பா கடலுக்குப் போனவர். அதற்கு மேல் வாதமில்லை. ஞாயிறும் சேர்ந்தது.

தமிழ் எழுத்து தனிக் கதை. எங்கள் கார்டுத் தலைப்பில் பாதி தமிழ். பையில் முதல் தடவை திறந்தபோது எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவியதும் சரியானது. நீளமான தலைப்பை வெட்டுவதில்தான் மாட்டினேன். 32 எழுத்துக்கு மேல் போனால் 31 எழுத்தோடு நிறுத்தி மூன்று புள்ளி வை என்று எழுதியிருந்தேன். "எண்ணூர் யார்டு லாரி வாடகை பாக்கி அறிக்கை" என்று ஒரு கார்டு. டிவியில் வந்தது "எண்ணூர் யார்டு லாரி வாடகை பாக்க…". ஜாவாஸ்கிரிப்ட் எண்ணும்போது "கி" ஒரு எழுத்து இல்லை, இரண்டு: க ஒன்று, கொக்கி ஒன்று. நான் கொக்கியை வெட்டிவிட்டேன். பாக்கி போய், பார்க்கப் போவதாக அர்த்தம் வந்துவிட்டது. "யார் எண்ணூர் போறது?" என்று நிஜமாகவே ஒருவர் கேட்டார்.

இதற்காக எழுத்துகளை முழுசாகப் பிரித்துத் தரும் செக்மென்ட்டரைத் தேடிப் பிடித்து, அரை நாள் செலவழித்து, பெருமையாகக் காட்டினேன். தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, சி.எஸ்.எஸ்.ல எலிப்சிஸ் போட்டா ப்ரவுசரே ஒழுங்கா வெட்டுமேண்ணா" என்றான். சி.எஸ்.எஸ். என்பது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி. அதில் போட்டேன். வெட்டியது. செக்மென்ட்டரை அழித்தேன்.

முதல் நாள் ஸ்டாண்டப். 9.55க்கு டிவி தானாக விழித்ததற்கே ஒரு கைத்தட்டல். அக்காவிடம் நம்பர் பேடைக் கொடுத்தேன். முதல் கார்டு "கஸ்டமர் பார்க்கணும்" பத்தியில், 12 நாள். யாரும் பேசவில்லை. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து விநாடி கழித்து அண்ணன், "அவங்க ஆபீஸ் பாரீஸ் கார்னர்லதான, நான் போற வழில போய் நேர்ல காட்டிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான். 12 நாளாக மெயிலில் நகராதது அன்று சாயங்காலம் நகர்ந்தது. மொத்த ஸ்டாண்டப் 19 நிமிஷம். அக்கா கையில் வேலை இருக்கும் கார்டுகளை மட்டும்தான் காட்டினார், "எடுக்கணும்" பத்தியைத் தொடவே இல்லை. "எடுக்காத வேலைக்கு இன்னா பேச்சு" என்று நம்பர் பேடை வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பத்தியை நிரலிலிருந்தே தூக்கிவிட்டேன்.

ஆனால் முதல் பதிப்பில் கார்டுக்குப் பக்கத்தில் ஆளின் போட்டோவும், ஏழு நாளைத் தாண்டினால் சிவப்பு எண்ணும் வைத்திருந்தேன். இரண்டாம் நாளே அக்கா ஸ்டாண்டப் முடிந்து தனியாகக் கூப்பிட்டார். "இன்னாப்பா இது, ஸ்கூல்ல ரேங்க் கார்டு ஒட்டற மாதிரி என் மூஞ்சியப் போட்டு செவப்புல நம்பர் போட்டுக்கீற?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டெஸ்டிங்கில் நாள் கூடுவது பெரும்பாலும் நாங்கள் அரைகுறையாகத் தள்ளிவிட்டதால். போட்டோவை எடுத்தேன். பெயர் கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில். சிவப்பும் போனது. எண் மட்டும், பெரிசாக, கறுப்பில்.

அடுத்த வாரம் இன்னொன்று கவனித்தேன். ஒன்பது நாளாக ரிவ்யூவில் கிடந்த ஒரு கார்டு திடீரென்று பூஜ்யம் காட்டியது. நிகழ்வுகளைத் திறந்து பார்த்தால், காலை 9.52க்கு யாரோ அதை "கையில" பத்திக்கு இழுத்து, 9.53க்குத் திரும்ப ரிவ்யூவில் விட்டிருக்கிறார்கள். யார் என்று ட்ரெல்லோ சொன்னது, நான் சொல்லப்போவதில்லை. சண்டை போடாமல் கணக்கை மாற்றினேன். கடைசியாக வந்த நாள் முக்கியமில்லை. அந்தப் பத்தியில் இதுவரை கழித்த மொத்த நேரத்தைக் கூட்டு. மறுநாள் அதே கார்டு பத்து நாள் என்று வந்து நின்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது மைனஸ் மூணுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் மழைக் காலத்தில் கரன்ட் போவது சகஜம். கம்ப்யூட்டர்கள் இன்வெர்ட்டரில் இருக்கின்றன, டிவி இருக்கும் சுவரில் இன்வெர்ட்டர் லைன் கிடையாது. பை ஒவ்வொரு தடவையும் பட்டென்று செத்து எழும். எஸ்.டி. கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்புகள் சிதைந்துவிடும், ஒருமுறை அப்படி ஆகி முழுசாக மறுபடி நிறுவ வேண்டி வந்தது. இதற்கு பையின் அமைப்பு மெனுவிலேயே மருந்து இருக்கிறது: ஓவர்லே. அதைப் போட்டால் எஸ்.டி. கார்டு படிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் நினைவகத்தில் போகும், அணைத்தால் காற்றோடு போய்விடும். அடுத்த முறை எழும்போது ஓவர்லே போட்ட நிமிஷத்தில் இருந்த அதே நிலையில் புத்தம் புதிதாக எழும். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அதைப் போட்டேன். பக்கத்தைக் காட்டும் க்ரோமியம் ப்ரவுசர் ஒவ்வொரு பவர் கட்டுக்கும் பிறகு "சரியாக மூடப்படவில்லை, மீட்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததும் சேர்ந்து ஒழிந்தது. சந்தோஷம்.

புதன்கிழமை ராத்திரி நல்ல மழை, கரன்ட் போய் வந்தது. வியாழன் காலை ஸ்டாண்டப்பில் அக்கா என்டரைத் தட்டினார். அன்று காலையில்தான் டெஸ்டிங்குக்கு வந்த கார்டு ஒன்று திரை நிறைய வந்தது. நாள்: -3.

"இன்னாடா, நாளன்னிக்கு வரப்போற வேலையா இது?" என்றார் அண்ணன். அடுத்த கார்டு, நேற்று வந்தது: -2. எல்லோரும் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாள். வியாழனிலிருந்து மூன்றைக் கழித்தால் திங்கள். பை தன்னைத் திங்கட்கிழமையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏன் என்று புரிய அரை மணி ஆனது. பை 4-ல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. அணைவதற்கு முன்னால் இருந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, எழுந்ததும் அங்கிருந்து தொடங்கும், அப்புறம் இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். நான் ஓவர்லே போட்டதில் அந்தக் கோப்பும் உறைந்துவிட்டது. ஒவ்வொரு முறை எழும்போதும் பைக்கு அதே திங்கட்கிழமை சாயங்காலம்தான்.

அப்படியே இருந்தாலும் இணையம் வந்ததும் நேரம் சரியாகியிருக்க வேண்டும். பையில் நேரத்தைக் கேட்டுப் பார்த்தேன், வியாழன் என்று சரியாகத்தான் சொன்னது. திரையில் மட்டும் திங்கள். அப்போதுதான் என் நிரலின் நான்காவது வரி கண்ணில் பட்டது. "இன்று" என்பதை ஒரே ஒரு தடவை, நிரல் தொடங்கும்போது கேட்டு, ஒரு மாறியில் போட்டு வைத்திருந்தேன். ரவுட்டர் எழுந்து இணையம் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். பை 20 விநாடியில் எழுந்துவிடும். நிரல் தொடங்கிய நொடியில் பைக்குத் திங்கள். அந்தத் திங்களையே பிடித்துக்கொண்டு நிரல் நாள் முழுக்க ஓடியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஏன் தெரியவில்லை? ஓவர்லே இல்லாத காலத்தில் பை எப்போதும் சில மணி நேரம்தான் பின்தங்கியிருக்கும். நிரலும் ராத்திரி ஒருமுறை தானாக மறுதொடக்கம் ஆகும். இந்த ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்தது. ஓவர்லே அதன் மேல் டார்ச் அடித்துக் காட்டியது, அவ்வளவுதான். இன்னும் சில மாதம் யாரும் கவனிக்காமல் போயிருந்தால் வேறு வேடிக்கையும் நடந்திருக்கும். ட்ரெல்லோவின் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், உறைந்த தேதியில் எழும் பை "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை" என்று, நேரம் சரியாகும் வரை இணைப்பையே மறுத்திருக்கும்.

சரிசெய்தது மூன்று இடத்தில். "இன்று" என்பதை ஒவ்வொரு கணக்கின்போதும் புதிதாகக் கேட்க வைத்தேன், இது ஒரு வரி. நேரம் ஒத்திசைந்த பிறகுதான் நிரல் தொடங்க வேண்டும் என்று, பையில் நிரல்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்-டியின் சர்வீஸ் கோப்பில் எழுதினேன். நேர ஒத்திசைவு என்ற இலக்கை அதில் குறிப்பிட்டால் மட்டும் போதாது, நேரத்துக்காகக் காத்திருக்கும் தனி சர்வீஸ் ஒன்று இருக்கிறது, அதையும் இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்பது போல நடித்துவிட்டுப் போய்விடும். மூன்றாவதாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் மறுபடி ஏறி இறங்கி டி.எஸ்.3231 கடிகார மாட்யூல் ஒன்று, பொத்தான் பேட்டரியோடு. நான்கு ஒயர், அமைப்புக் கோப்பில் ஒரு வரி, நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும் அந்தப் போலிக் கடிகாரத்தை நீக்குவது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுத முதலில் ஓவர்லேயைக் கழற்ற வேண்டும் என்பதை மறந்து, எழுதி, ரீபூட் செய்து, எழுதியது காணாமல் போய், மறுபடி எழுதி, மறுபடி காணாமல் போனது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் தகவல்.

கரன்ட் வந்தும் இணையம் வராத காலைகளுக்கு, கடைசியாக எடுத்த விவரத்தை ஒரு பென் டிரைவில் சேமித்து வைக்கிறேன். ஓவர்லே அதைத் தொடாது. திரையின் அடியில் "இது நேற்று இரவு 9.10 நிலவரம்" என்று எழுதி வரும். இணையம் இல்லாதபோது க்ரோமியம் காட்டும் டைனோசருக்கு எதிரில் நின்று ஸ்டாண்டப் நடத்துவதை விட இது மேல்.

ஒரு விஷயத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். டிவி அறைதான் எங்கள் விருந்தினர் அறையும். ஒரு நாள் ஸ்டாண்டப் நீண்டு, 10.20க்கே வந்துவிட்ட கஸ்டமர் ஒருவரை சார் நேராக உள்ளே அழைத்து வந்துவிட்டார். திரையில் அவருடைய போட்டியாளரின் பெயரோடு, அந்தப் போட்டியாளர் கேட்டிருந்த புது வசதி பெரிய எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வந்தவர் நாசூக்கான மனிதர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் அன்று என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. இப்போது கஸ்டமர் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இரண்டெழுத்துக் குறி வரும், கழித்தல் பொத்தானைத் தட்டினால் திரை உடனே கறுப்பாகும்.

கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்றும் தன் பங்குக்கு வந்தது. டிவியின் எச்.டி.எம்.ஐ. முனை பச்சை பூத்து, படம் துடித்தது. கான்டாக்ட் க்ளீனர் அடித்து, நாலு தரம் சொருகி எடுத்ததில் சரியானது. மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

கடைசியாக ஆனது போன செவ்வாய். அக்கா ஒரு கையில் டீ, ஒரு கையில் நம்பர் பேட். யாரோ முட்டியதில் அரை கிளாஸ் டீ நம்பர் பேட் மேல். துடைத்துவிட்டு என்டரைத் தட்டினார். சர்க்கரைப் பாகில் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. கார்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்து, இரண்டே விநாடியில் "முடிந்தது, நன்றி" என்ற கடைசித் திரை வந்து நின்றது. "இதான் நல்லாக்குது" என்று எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நம்பர் பேடின் பின்னால் ஐந்து திருகு, அதில் ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். திறந்து ரப்பர் விரிப்பைத் தண்ணீரில் அலசினேன். போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் காய வைத்ததும் என்டர் பழையபடி அழுந்தியது. இப்போது அது டீ டம்ளர் எட்டாத உயரத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது.